அதிபர் தேர்தலில் இரண்டாம் சுற்று: பிரசாரம் தொடங்கும்போது என்ன நடக்கிறது?

2024 செப்டம்பர் 22 அன்று இலங்கை அதிபர் தேர்தல் வாக்குகள் எண்ணப்பட்டுக்கொண்டிருந்தபோது, 'இரண்டாம் சுற்றுக்குப் போகிறது' என்ற செய்தி வந்தது. குமரி மாவட்டத்தில் அதைக் கேட்ட பலர், இலங்கை மக்கள் இன்னொரு நாள் வரிசையில் நின்று ஓட்டுப் போடப் போகிறார்கள் என்றே புரிந்துகொண்டார்கள். வேறு சிலர், 42 சதவீதம் வாங்கி முதலிடத்தில் இருப்பவரின் வெற்றியைப் பறிக்கச் சூழ்ச்சி நடக்கிறது என்றார்கள். இரண்டுமே தவறு. ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்க நாடுகளின் தேர்தல் செய்திகள் வரும்போதும் இதே குழப்பம்தான். மறுதேர்தல், மறுவாக்குப்பதிவு, மறு எண்ணிக்கை, இரண்டாம் சுற்று எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து பேசிவிடுகிறோம்.

ஜனநாயகம் இன்னும் வேர்பிடிக்காத நாடுகளில் இந்தச் சுற்று தொடங்கும் நாட்கள் மிகவும் நெருக்கடியானவை. சில நாடுகளில் அந்த நாட்களில் எடுக்கப்பட்ட முடிவுகளால் ஆயிரக்கணக்கானோர் உயிரிழந்திருக்கிறார்கள். நமக்கு இது தொலைதூரச் செய்தியும் அல்ல. கன்னியாகுமரியிலிருந்து நேர்கோட்டில் அளந்தால் சென்னைக்கும் மாலத்தீவின் தலைநகர் மாலேவுக்கும் ஏறத்தாழ ஒரே தூரம். தூத்தூர், வள்ளவிளை பக்கத்து ஆழ்கடல் படகுகள் அந்தத் திசையில் தொழிலுக்குப் போகின்றன. மாலத்தீவுப் பள்ளிகளில் பாடம் நடத்திய ஆசிரியர்கள் நம் மாவட்டத்தில் பல ஊர்களில் இருக்கிறார்கள். அந்த நாடு தன் அதிபரை இரண்டாம் சுற்று முறையில்தான் தேர்ந்தெடுக்கிறது.

## முதலிடம் வேறு, பெரும்பான்மை வேறு

ஒரு வகுப்பில் 60 மாணவர்கள். சுற்றுலா எங்கே போவது என்று கை தூக்கச் சொல்கிறார் ஆசிரியர். பத்மநாபபுரம் அரண்மனைக்கு 24 பேர், திற்பரப்பு அருவிக்கு 20 பேர், சொத்தவிளை கடற்கரைக்கு 16 பேர். அதிகக் கை தூக்கப்பட்ட இடம் அரண்மனை. ஆனால் அருவியும் கடலும் கேட்ட 36 பேரும் தண்ணீரில் இறங்கி விளையாட நினைத்தவர்கள். கடற்கரையை நீக்கிவிட்டு மறுபடி கேட்டால், அந்த 16 பேரில் பெரும்பாலோர் அருவிக்குக் கை தூக்குவார்கள். அப்போது அரண்மனை தோற்றுவிடும்.

நம் நாட்டு மக்களவைத் தேர்தலில் முதல் கை தூக்கலோடு கணக்கு முடிந்துவிடுகிறது. 2014-ல் கன்னியாகுமரித் தொகுதியில் பாரதிய ஜனதாவின் பொன். ராதாகிருஷ்ணன் சுமார் 3.73 லட்சம் வாக்குகள் பெற்று வென்றார். காங்கிரஸின் எச். வசந்தகுமாருக்கு 2.44 லட்சம். அதிமுக 1.76 லட்சமும் திமுக 1.18 லட்சமும் பெற்றன. வென்றவரின் பங்கு 38 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. அதில் சட்டப்படி ஒரு குறையும் இல்லை. நம் விதி அப்படி. ஆனால் ராணுவம், காவல்துறை, கருவூலம் மூன்றும் ஒரே மனிதரின் கைக்குப் போகும் அதிபர் பதவிக்கு 38 சதவீதம் போதுமா என்ற கேள்வி எழும். போதாது என்று முடிவு செய்த நாடுகள் இரண்டாம் சுற்றை வைத்துக்கொண்டன.

## விதி என்ன சொல்கிறது?

முதல் சுற்றில் எல்லா வேட்பாளர்களும் நிற்பார்கள். செல்லுபடியான வாக்குகளில் பாதிக்கு மேல் ஒருவருக்குக் கிடைத்தால் அதற்கு அறுதிப் பெரும்பான்மை என்று பெயர். தேர்தல் அங்கேயே முடிந்துவிடும். கிடைக்காவிட்டால், முதல் இரண்டு இடங்களைப் பிடித்தவர்கள் மட்டும் வேறொரு நாளில் மீண்டும் மக்களைச் சந்திப்பார்கள். இதுவே இரண்டாம் சுற்று. இதில் எல்லோருக்கும் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கும். முதல் சுற்றில் எத்தனை லட்சம் முன்னிலை இருந்தாலும் ஒரு வாக்குகூட அங்கிருந்து வராது. ஆகவே முதல் சுற்றில் முந்தியவரை 'வென்றவர்' என்று எழுதுவது தவறு. அவர் அடுத்த சுற்றுக்குத் தகுதி பெற்ற இருவரில் ஒருவர், அவ்வளவுதான்.

மறுவாக்குப்பதிவு என்பது ஒரு வாக்குச்சாவடியில் கோளாறோ முறைகேடோ நடந்தால் அங்கே மட்டும் மீண்டும் ஓட்டுப் போடுவது. மறு எண்ணிக்கை, போட்ட ஓட்டையே திரும்ப எண்ணுவது. இரண்டும் பழுது பார்க்கும் வேலைகள். இரண்டாம் சுற்றுக்குப் பழுது எதுவும் நடந்திருக்க வேண்டியதில்லை. பாதியைத் தாண்ட ஆள் இல்லாததே காரணம்.

இலங்கையில் 2024-ல் நடந்தது வேறு வகை. அங்கே வாக்காளர் ஒரே சீட்டில் முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம், மூன்றாம் விருப்பம் என்று குறிக்கலாம். யாருக்கும் பாதி கிடைக்காவிட்டால், முதல் இருவரைத் தவிர மற்றவர்களின் சீட்டுகளைப் பிரித்து அடுத்த விருப்பத்தை எண்ணுவார்கள். மக்கள் திரும்ப வர வேண்டாம், பிரசாரமும் கிடையாது. அநுர குமார திசாநாயக்க 42.31 சதவீதமும் சஜித் பிரேமதாச 32.76 சதவீதமும் பெற்றிருந்த நிலையில் அந்த எண்ணிக்கை அன்றே முடிந்து, அநுரவின் வெற்றி அறிவிக்கப்பட்டது. நம் குடியரசுத் தலைவர் தேர்தலும் விருப்ப வாக்கு முறைதான். 1969-ல் வி.வி. கிரி அடுத்த விருப்பங்கள் எண்ணப்பட்ட பிறகே வென்றார்.

வெற்றிக்கான வரம்பு நாட்டுக்கு நாடு மாறும். சியரா லியோனில் முதல் சுற்றிலேயே வெல்ல 55 சதவீதம் வேண்டும். அர்ஜென்டினாவில் 45 சதவீதமே போதும். இரண்டு சுற்றுகளுக்கும் நடுவிலான இடைவெளியும் அப்படித்தான்: பிரான்சில் 14 நாள், மாலத்தீவில் 21 நாளுக்குள்.

இதுவரை பார்த்தது: பாதியைத் தாண்ட ஆள் இல்லாதபோது இருவரை மட்டும் வைத்து நடக்கும் புதிய தேர்தலே இரண்டாம் சுற்று. முதல் சுற்று அந்த இருவரைத் தேர்ந்து தருகிறது. அதோடு அதன் வேலை முடிந்தது.

## அந்த இருவர் யார்?

கேட்க எளிதான கேள்வி. ஆனால் பல நாடுகளில் பிரசாரம் தொடங்காமல் தடுமாறுவது இங்கேதான். வாக்குப்பதிவு முடிந்ததும் தேர்தல் ஆணையம் முதலில் தற்காலிக முடிவை வெளியிடும். வேட்பாளர்கள் ஆட்சேபம் தெரிவிப்பார்கள், நீதிமன்றமோ தேர்தல் தீர்ப்பாயமோ விசாரிக்கும், பிறகு இறுதி முடிவு வரும். இரண்டாம் சுற்றுப் பிரசாரம் சட்டப்படி தொடங்குவது அதற்குப் பிறகே.

முதலிடத்தைவிட இரண்டாமிடத்துக்கும் மூன்றாமிடத்துக்கும் இடையிலுள்ள கோடு இங்கே முக்கியமானது. இரண்டாமவருக்கு அதிபராகும் வாய்ப்பு உண்டு. ஒரே ஒரு வாக்குக் குறைந்தாலும் மூன்றாமவர் வீட்டுக்குப் போக வேண்டும். பிரான்சில் 2002-ல் ழான்-மரி லு பென் 16.86 சதவீதமும் அப்போதைய பிரதமர் லியோனல் ஜோஸ்பான் 16.18 சதவீதமும் பெற்றார்கள். வித்தியாசம் 2 லட்சம் வாக்குகளுக்கும் குறைவு. நாடே அதிர்ந்தது. ஆனாலும் எண்ணிக்கை பொய் என்று யாரும் கிளம்பவில்லை. ஜோஸ்பான் அன்றே அரசியலிலிருந்து விலகுவதாக அறிவித்தார்.

பலவீனமான ஜனநாயகம் என்று எதைச் சொல்கிறோம் என்பது இங்கே விளங்கும். தேர்தல் நடக்கும், கட்சிகள் இருக்கும், பத்திரிகைகளும் இருக்கும். ஆனால் எண்ணுபவரை எல்லோரும் நம்புவார்கள் என்றோ, தோற்றவர் நாற்காலியை விட்டு எழுந்துபோவார் என்றோ உறுதி இருக்காது. வறுமை மட்டும் இதற்கு அளவுகோல் ஆகாது. 2012-ல் செனகலில் பதவியில் இருந்த அப்துலாயே வாத் இரண்டாம் சுற்றில் தோற்றார். அன்று மாலையே எதிராளி மாக்கி சாலைத் தொலைபேசியில் அழைத்து வாழ்த்தினார். செனகல் பணக்கார நாடல்ல.

ஹெய்ட்டி எதிர்த் திசைக்கு எடுத்துக்காட்டு. 2010 ஜனவரி நிலநடுக்கம் தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸை நொறுக்கியது. ஆண்டின் இறுதியில் காலராவும் பரவியது. லட்சக்கணக்கானோர் கூடாரங்களில் இருந்த நிலையில் நவம்பர் 28 அன்று முதல் சுற்று நடந்தது. பட்டியலில் பெயர் தேடி அலைந்தவர்கள் ஏராளம். நண்பகலிலேயே வேட்பாளர்களில் பெரும்பாலோர் ஒன்றுகூடித் தேர்தலை ரத்து செய்யக் கோரினார்கள். தற்காலிக முடிவில் பேராசிரியரும் முன்னாள் அதிபரின் மனைவியுமான மிர்லாந்த் மனிகா சுமார் 31 சதவீதம் பெற்று முதலிடம். ஆளும் தரப்பு வேட்பாளர் ஜூட் செலஸ்தன் 22 சதவீதத்தைத் தாண்டி இரண்டாமிடம். பாடகர் மிஷேல் மார்ட்டெலி ஒரு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் மூன்றாமிடம். மார்ட்டெலியின் ஆதரவாளர்கள் தெருவில் இறங்கினார்கள். ஆளுங்கட்சித் தலைமையகம் தீக்கிரையானது.

அமெரிக்க நாடுகள் கூட்டமைப்பின் நிபுணர் குழு வந்தது. வாக்குச்சாவடிகளிலிருந்து வந்த எண்ணிக்கைப் படிவங்களில் ஒரு பகுதியை ஆராய்ந்து, செலஸ்தனுக்கு மூன்றாமிடமே என்று சொன்னது. எண்ணிக்கைப் படிவம் என்பது ஒவ்வொரு சாவடியிலும் யாருக்கு எத்தனை வாக்கு என்று எழுதிக் கையெழுத்திடும் தாள்; நம் ஊரில் வேட்பாளரின் முகவர்கள் படிவம் 17சி-யை (சாவடியில் பதிவான வாக்குகளின் கணக்கு) கேட்டு வாங்கி வைத்துக்கொள்வது எவ்வளவு முக்கியம் என்பதை இங்கே நினைத்துப் பார்க்கலாம். எல்லாப் படிவங்களையும் பார்க்காமல் ஒரு வெளிநாட்டுக் குழு வேட்பாளரை மாற்றலாமா என்ற கண்டனமும் எழுந்தது. அது நியாயமான கண்டனம் என்றே நான் கருதுகிறேன். 2011 பிப்ரவரி 3 அன்று மனிகாவும் மார்ட்டெலியும் மோதுவார்கள் என்று ஆணையம் அறிவித்தது. பிரசாரம் பிப்ரவரி 17 அன்று தொடங்கியது. மார்ச் 20 அன்று வாக்குப்பதிவு. சுமார் 67 சதவீதம் பெற்று வென்றவர், முதலில் மூன்றாமிடம் என்று அறிவிக்கப்பட்ட மார்ட்டெலி.

அதே செலஸ்தன் 2015 முதல் சுற்றிலும் இரண்டாமிடம் பெற்றார். எண்ணிக்கையை நம்ப முடியாது என்று சொல்லி இம்முறை அவரே பிரசாரத்துக்குப் போக மறுத்தார். இரண்டாம் சுற்று பலமுறை தள்ளிவைக்கப்பட்டது. முடிவில் முதல் சுற்றே ரத்தாகி, 2016 நவம்பரில் புதிதாகத் தேர்தல் நடந்தது. இரண்டு பேர் வேண்டிய போட்டியில் ஒருவர் வர மறுத்தால் அது தேர்தலாகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

## மூன்றாமவரின் வாக்குகள் யாருக்கு?

இருவர் பெயர் உறுதியானதும் தொலைபேசிகள் ஒலிக்கத் தொடங்கும். வெளியேறியவர்கள் வெறுங்கையோடு போவதில்லை. அவர்களிடம் பத்து, இருபது சதவீத வாக்குகள் இருக்கின்றன என்பது இப்போது ஊரறிந்த கணக்கு. முதல் சுற்றில் எதிரிகளாகப் பேசியவர்கள் அமைச்சர் பதவி, கொள்கை, தொகுதிப் பங்கீடு பற்றிப் பேரம் பேசுவார்கள். இதைக் கேவலம் என்று ஒதுக்க வேண்டியதில்லை. 38 சதவீதம் பெற்றவர் மற்றவர்களின் வாக்காளர்களையும் மதித்துப் பேசும்படி செய்வதற்குத்தான் இந்தச் சுற்றே இருக்கிறது.

மாலத்தீவு 2008-ஐப் பாருங்கள். மவுமூன் அப்துல் கயூம் 30 ஆண்டுகள் அதிபராக இருந்த பிறகு நடந்த முதல் பல கட்சித் தேர்தல் அது. முதல் சுற்றில் கயூமுக்கு 40 சதவீதம், முகமது நஷீதுக்கு 25 சதவீதம்தான். நம் விதிப்படி கயூம் எளிதாக வென்றிருப்பார். ஆனால் மற்ற முக்கிய வேட்பாளர்கள் நஷீதின் பின்னால் திரண்டார்கள். அக்டோபர் 28 அன்று நடந்த இரண்டாம் சுற்றில் நஷீத் 54 சதவீதம் பெற்றார். கயூம் தோல்வியை ஏற்றுப் பதவியை ஒப்படைத்தார்.

இதைப் பார்த்து, தலைவர்கள் கைகோத்தால் வாக்குகளும் கூடிவிடும் என்று நினைத்துவிடக் கூடாது. கினி நாட்டில் 2010-ல் செல்லூ தலேன் தியாலோ முதல் சுற்றில் சுமார் 44 சதவீதம் பெற்றார். 13 சதவீதம் பெற்றிருந்த சித்யா தூரேயும் அவரை ஆதரித்தார். கூட்டிப் பார்த்தால் 57. எதிராளி ஆல்ஃபா கொண்டே பெற்றிருந்தது வெறும் 18 சதவீதம். இரண்டாம் சுற்று நான்கு மாதங்களுக்கும் மேல் தள்ளிப் போனது. அதற்குள் அரசியல் பேச்சு இனக்குழுப் பேச்சாக மாறியது, மோதல்கள் வெடித்தன. நவம்பரில் கொண்டே 52.5 சதவீதம் பெற்று வென்றார்.

நம் தொகுதியிலேயே இதற்கு ஒரு சாட்சி உண்டு. 2019-ல் அதே ராதாகிருஷ்ணனும் வசந்தகுமாரும் மோதினார்கள். இம்முறை அதிமுக பாரதிய ஜனதாவோடு, திமுக காங்கிரஸோடு. 2014 வாக்குகளைக் கூட்டினால் ராதாகிருஷ்ணன் முன்னிலையில் இருந்திருக்க வேண்டும். ஆனால் அவர் பெற்றது 3.67 லட்சம், முன்பைவிடச் சற்றுக் குறைவு. வசந்தகுமார் 6.27 லட்சம் பெற்றார். அது இரண்டாம் சுற்று அல்ல, இடையே ஐந்தாண்டுகள் ஓடியிருந்தன என்பது உண்மை. இருந்தாலும், வாக்குகளைத் தலைவர்கள் மூட்டை கட்டிக் கைமாற்ற முடியாது என்பதைக் குமரி மாவட்டத்துக்காரருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

சுருக்கமாக: இருவர் யார் என்பதில் உடன்பாடு வேண்டும், வெளியேறியவர்களின் வாக்காளர்களை ஈர்ப்பதே பிரசாரத்தின் முதல் வேலை, அந்த வேலை காகிதக் கூட்டலுக்குக் கட்டுப்படாது.

## எங்கே குறைவான வாக்கு விழுந்தது என்பது தெரிந்த பிறகு

முதல் சுற்று எந்த ஊர் யார் பக்கம் என்பதை எல்லோருக்கும் காட்டிவிடுகிறது. நேர்மையான வேட்பாளர் அந்த வரைபடத்தை வைத்துக்கொண்டு எங்கே அதிகம் பேச வேண்டும் என்று திட்டமிடுவார். காவல்துறையையும் அடியாட்களையும் கையில் வைத்திருப்பவருக்கோ அது தண்டிக்க வேண்டிய ஊர்களின் பட்டியல்.

ஜிம்பாப்வேயில் 2008 மார்ச் 29 அன்று முதல் சுற்று நடந்தது. மார்கன் சாங்கிராய் 47.9 சதவீதமும் அதிபர் ராபர்ட் முகாபே 43.2 சதவீதமும் பெற்றார்கள் என்று அறிவிக்கவே மே 2 வரை ஆனது. ஐந்து வாரம்! அதன் பிறகு எதிர்க்கட்சி ஆதரவாளர்கள் மீது கட்டவிழ்ந்த வன்முறையில் பலர் கொல்லப்பட்டார்கள், ஆயிரக்கணக்கானோர் வீடிழந்தார்கள். வாக்குப்பதிவுக்கு ஐந்து நாள் முன்பு சாங்கிராய் போட்டியிலிருந்து விலகினார். தனக்கு ஓட்டுப் போடச் சொல்வது மக்களைச் சாகச் சொல்வதாகிவிடும் என்ற நிலையில் அவருக்கு வேறு வழி இருக்கவில்லை. முகாபே நடைமுறையில் ஒற்றை ஆளாக நின்று 85 சதவீதம் பெற்றதாக அறிவிக்கப்பட்டது.

## இரண்டு நடுவர்கள், இரண்டு முடிவுகள்

ஐவரி கோஸ்ட்டில் 2010 அக்டோபர் 31 முதல் சுற்றில் அதிபர் லாரன் பக்போ 38 சதவீதம், அலசான் வட்டாரா 32 சதவீதம். 25 சதவீதம் பெற்ற மூன்றாமவர் வட்டாராவை ஆதரித்தார். நவம்பர் 28 வாக்குப்பதிவுக்குப் பிறகு தேர்தல் ஆணையம் வட்டாராவுக்கு 54 சதவீதம் என்றது. மறுநாளே அரசியலமைப்பு மன்றம் வடக்குப் பகுதிகளின் வாக்குகளைச் செல்லாதவை என்று தள்ளி, பக்போவுக்கு 51 சதவீதம் என்றது. இருவரும் அதிபராகப் பதவியேற்றார்கள். 2011 ஏப்ரல் 11 அன்று பக்போ கைது செய்யப்படுவதற்குள் சுமார் 3,000 பேர் இறந்துபோனார்கள். இறுதிச் சொல் யாருடையது என்பது பிரசாரம் தொடங்குவதற்கு முன்பே எல்லோரும் நம்பும் விதமாகத் தீர்மானிக்கப்பட்டிருக்க வேண்டும். முடிவு வந்த பிறகு அதைத் தேடினால் துப்பாக்கிதான் பதில் சொல்லும்.

## மாலத்தீவு 2013

இந்தச் சிக்கல்கள் எல்லாம் ஒரே தேர்தலில் கூடிவந்ததை நம் கடலுக்கு அப்பால் பார்க்கலாம். நஷீத் 2012 பிப்ரவரியில் பதவி விலகியிருந்தார். தன்னைக் கட்டாயப்படுத்தினார்கள் என்றார். 2013 செப்டம்பர் 7 முதல் சுற்றில் அவருக்கு 45 சதவீதம். கயூமின் மாற்றாந்தாய்ச் சகோதரர் அப்துல்லா யாமீனுக்கு 25 சதவீதம். சுற்றுலாத் தொழிலதிபர் காசிம் இப்ராகிம் 24 சதவீதம் பெற்று மூன்றாமிடம். ஹெய்ட்டியைப் போலவே, கோட்டுக்குச் சற்றுக் கீழே நின்றவர் முடிவை ஏற்கவில்லை; இங்கே அவர் நீதிமன்றம் போனார். செப்டம்பர் 28-க்குக் குறித்திருந்த இரண்டாம் சுற்றை உச்ச நீதிமன்றம் நிறுத்தியது. பிறகு முதல் சுற்றையே ரத்து செய்தது. அக்டோபர் 19 அன்று மறுபடி வாக்குப்பதிவு என்று ஏற்பாடானது. வாக்காளர் பட்டியலில் எல்லா வேட்பாளர்களும் கையெழுத்திடவில்லை என்று அன்று காலையில் போலீசார் அதைத் தடுத்தார்கள். நவம்பர் 9 அன்று ஒருவழியாக முதல் சுற்று நடந்தது: நஷீத் 46.93, யாமீன் 29.72, காசிம் 23.34. மறுநாளே நடக்கவிருந்த இரண்டாம் சுற்று நவம்பர் 16-க்குத் தள்ளிப் போனது. அதிபரின் பதவிக்காலம் நவம்பர் 11 அன்றே முடிந்துவிட்டிருந்தது.

பிரசாரத்துக்குக் கிடைத்தது சில நாட்கள்தான். 2008-ல் நஷீதை ஆதரித்த காசிம் இம்முறை யாமீனை ஆதரித்தார். யாமீன் 51.39 சதவீதம், நஷீத் 48.61 சதவீதம், வித்தியாசம் சுமார் 6,000 வாக்குகள். இரண்டு மாதம் அலைக்கழிக்கப்பட்ட நஷீதுக்கு முடிவை மறுக்கக் காரணங்கள் இருந்தன. அவர் மறுக்கவில்லை. தோல்வியை ஏற்று, நாடு முன்னே போகட்டும் என்று ஒதுங்கினார். இந்த வரலாற்றில் நான் மிகவும் மதிக்கும் செயல் இதுதான். அதற்கு அவருக்குக் கிடைத்த பலன் கசப்பானது: 2015-ல் பயங்கரவாத வழக்கில் 13 ஆண்டு சிறைத்தண்டனை. 2018 பிப்ரவரியில் யாமீன் நெருக்கடி நிலையை அறிவித்து நீதிபதிகளையே கைது செய்தார். அந்த ஆண்டுத் தேர்தலில் மக்கள் அவரை முதல் சுற்றிலேயே வீட்டுக்கு அனுப்பினார்கள்.

2023-ல் இரண்டாம் சுற்று திரும்ப வந்தது. செப்டம்பர் 9 முதல் சுற்றில் முகமது முய்சு 46 சதவீதம், பதவியில் இருந்த இப்ராகிம் முகமது சோலி 39 சதவீதம். நீதிமன்றம் தேதியைத் தள்ளவில்லை, போலீசாரும் பெட்டிகளைத் தடுக்கவில்லை. சட்டம் குறித்த 21-ஆம் நாளான செப்டம்பர் 30 அன்று வாக்குப்பதிவு நடந்தது. முய்சு 54 சதவீதம் பெற்றார். சோலி அன்றிரவே வாழ்த்துச் சொன்னார். நவம்பர் 17 அன்று பதவி கைமாறியது.